சவாகோ தன் காதலைச் சொல்ல ஏன் இத்தனை தொகுதி?

“கிமி நி டொடோகே” என்ற ஜப்பானிய மங்கா, அதாவது படக்கதைத் தொடர், மொத்தம் 30 தொகுதி, யாருக்கு யாரைப் பிடிக்கும் என்பது முதல் தொகுதியிலேயே தெரிந்துவிடுகிறது, அப்புறம் எதற்கு இந்த இழுவை, அதன் அனிமே (கார்ட்டூன் தொடர்) பார்த்தால் போதாதா, காசு போட்டு வாங்கிப் படிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். படிக்கலாம். ஆனால் இருவரும் எப்போது சேர்வார்கள் என்று பக்கத்தைப் புரட்டுகிற ஆளாக இருந்தால் ஐந்தாவது தொகுதியில் எரிச்சல் வரும், பத்தாவதில் புத்தகத்தைத் தூக்கி எறியத் தோன்றும். இந்தத் தொடர் ஓடுவது வேறொரு கேள்வியின் மேல். தன்னை யாருக்கும் பிடிக்காது என்று நம்பி வளர்ந்த ஒரு பெண்ணிடம், “உன்னை எனக்குப் பிடிக்கும்” என்ற செய்தியை எப்படிக் கொண்டுபோய்ச் சேர்ப்பது? அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டால் இழுவை என்று நீங்கள் சொல்வதில் முக்கால்வாசி இழுவையாகத் தெரியாது. மீதிக் கால்வாசி இழுவைதான், அதையும் மறைக்காமல் சொல்கிறேன்.

முதலில் பின்னணி. எழுதி வரைந்தவர் கருஹோ ஷீனா. ஷூஎய்ஷா நிறுவனத்தின் ‘பெஸ்ஸாட்சு மார்கரெட்’ என்ற மாத இதழில் 2005ல் ஒரு தனிக் கதையாக வந்தது, வரவேற்பைப் பார்த்து 2006 முதல் தொடரானது, 2017ல் முடிந்தது. 2008ல் சிறுமியர் மங்கா பிரிவில் கோடன்ஷா மங்கா விருது வாங்கியது. கோடன்ஷா என்பது ஷூஎய்ஷாவுக்கு நேர்ப் போட்டி நிறுவனம். எதிர்க்கடைக்காரரே கூப்பிட்டு மாலை போட்ட கதை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மாத இதழ் என்பதைக் கொஞ்சம் மனதில் வையுங்கள். அன்றைய வாசகிகள் ஓர் அத்தியாயம் படித்தால் அடுத்ததற்கு ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். அதனால் முன்பு நடந்த ஒரு பார்வை, ஒரு வார்த்தை திரும்பத் திரும்ப நினைவாக வரும். மாதத்துக்கு ஒருமுறை படிப்பவருக்கு அது தேவை. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் நான்கு தொகுதியை விழுங்குகிற நமக்குத்தான் “இதைத்தான் இப்போதானே பார்த்தோம்” என்று தோன்றும். மெதுவாகப் படிக்க வேண்டிய தொடர் இது. நாளைக்கு இரண்டு அத்தியாயம் போதும்.

கதை இதுதான். சவாகோ குரோனுமா உயர்நிலைப் பள்ளி முதலாண்டு மாணவி. நீளக் கறுப்பு முடி, வெளிறிய முகம், மெல்லிய குரல், சிரிக்க முயன்றால் பேய் சிரிப்பது போல ஆகிவிடும் உதடு. சிறு வயதிலிருந்தே அவளுக்கு ‘சடாகோ’ என்று பட்டப்பெயர். கோஜி சுசுகியின் ‘ரிங்’ நாவலில் தோன்றி, 1998ல் வந்த படத்தில் கிணற்றிலிருந்து ஏறிவரும் அந்தப் பேய்ப் பெண்ணின் பெயர் அது. பள்ளியில் பாதிப் பேருக்கு அவள் உண்மைப் பெயரே தெரியாது. அவள் கண்ணை மூன்று விநாடி பார்த்தால் சாபம் பிடிக்கும் என்று ஒரு வதந்தி வேறு.

இதில் ஷீனா செய்திருக்கும் நுட்பமான வேலையைக் கவனியுங்கள். சவாகோ இதற்காக யாரையும் வெறுப்பதில்லை. தன்னைக் கண்டு மற்றவர்கள் பயந்து ஒதுங்கினால், “ஐயோ, அவர்களைப் பயமுறுத்திவிட்டேனே” என்று வருத்தப்படுவது அவள்தான். நாளுக்கு ஒரு நல்ல காரியம் என்று கொள்கை வைத்திருக்கிறாள். யாரும் செய்ய விரும்பாத வகுப்பு வேலைகளை எடுத்துச் செய்வாள், பூச்செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவாள், நன்றாகப் படிப்பாள். வகுப்பில் யாரோ விளையாட்டாக “பேய்க்கதை சொல்லு” என்றால், தன்னால் அவர்களுக்குப் பயன்பட முடிகிறதே என்று பேய்க்கதையைத் தேடிப் படித்துவிட்டு வருகிற ரகம். இதைப் படிக்கும்போது சிரிப்பு வரும், கூடவே தொண்டையில் ஏதோ அடைக்கும். தன் மேல் விழுந்திருக்கும் அநியாயத்தை அநியாயம் என்றே அறியாத பாத்திரம். அதுதான் பின்னால் பெரிய சிக்கலாகிறது.

ஷோதா கஸெஹாயா அதே வகுப்புப் பையன். எல்லோருக்கும் பிடித்தவன். பள்ளி தொடங்கும் நாளன்று வழி தெரியாமல் நின்ற அவனுக்கு, சகுரா (செர்ரி) மரத்தடியில் சவாகோ வழி காட்டினாள். அப்போது அவள் இயல்பாகச் சிரித்த ஒரு சிரிப்பை அவன் பார்த்துவிட்டான். பள்ளியில் வேறு யாரும் பார்த்திராத சிரிப்பு. அவன் கதை அங்கேயே முடிந்தது என்று சொல்லலாம், மீதித் தொகுதிகள் அத்தனையும் அவளுடைய கதை.

(ஒரு சின்ன விஷயம். கதை நடப்பது ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில், ஷீனாவின் சொந்தப் பக்கம். பள்ளி திறப்பது ஏப்ரல் தொடக்கம். ஆனால் ஹொக்கைடோவில் சகுரா பூப்பது ஏப்ரல் கடைசியில், பல இடங்களில் மே மாதத்தில்தான். ஆக அந்த முதல் காட்சியில் பூ எப்படி வந்தது என்று கேட்கக்கூடாது. பள்ளிக் காதல் மங்காவில் முதல் சந்திப்பு என்றால் சகுரா விழுந்தாக வேண்டும், அது எழுதப்படாத சட்டம்.)

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். கஸெஹாயாவுக்கு அவளைப் பிடிக்கும். அவளுக்கும் அவனைப் பிடிக்கும். நடுவில் வில்லனோ எதிர்ப்போ பெரிதாகக் கிடையாது. பிறகு என்ன தடை? தடை சவாகோவின் காதில் இருக்கிறது. அவன் அன்பாகப் பேசினால், “இவர் எல்லோரிடமும் அன்பானவர்” என்று அவள் முடிவு செய்கிறாள். அவன் அவளுக்காகக் காத்திருந்தால், “என்னை நினைத்துப் பரிதாபப்படுகிறார்” என்று எடுத்துக்கொள்கிறாள். அவன் முகம் சிவந்தால் காய்ச்சலா என்று கவலைப்படுகிறாள். “ஒருவேளை என்னைப் பிடித்திருக்குமோ” என்ற சாத்தியம் அவள் கணக்கில் ஒரு வரியாகக்கூட இல்லை. பத்துப் பன்னிரண்டு வருடம் சடாகோவாக இருந்தவளுக்கு எப்படி இருக்கும்? இதை ஒரே அத்தியாயத்தில் ஒரு கட்டிப்பிடிப்பில் தீர்த்திருந்தால்தான் பொய்யாகியிருக்கும்.

அதனால் ஷீனா காதலை ஓரமாக வைத்துவிட்டு முதலில் நட்பை எடுக்கிறார். என் கணிப்பில் இந்தத் தொடரின் மிகச் சிறந்த பகுதி முதல் இரண்டு தொகுதிகள்தான், அதில் காதல் கொஞ்சம்தான்.

வகுப்பில் இடம் மாற்றும் நாள் வருகிறது. ஜப்பானியப் பள்ளிகளில் சீட்டுக் குலுக்கி அவ்வப்போது இடம் மாற்றுவது பெரிய சடங்கு. யார் பக்கத்தில் யார் உட்காருவது என்பதில் அடுத்த சில மாதங்களின் வாழ்க்கையே இருக்கிறது. சடாகோ பக்கத்தில் உட்கார யாருக்கும் மனமில்லை. தன்னால் எல்லோருக்கும் சங்கடம் என்று சவாகோ உள்ளுக்குள் சுருங்கி நிற்கிறாள். கஸெஹாயா தன் மேசையைத் தூக்கிக்கொண்டு வந்து அவள் பக்கத்தில் போடுகிறான். அவன் வந்ததில் எனக்கு ஆச்சரியம் இல்லை. அவனைத் தொடர்ந்து வகுப்புப் பெண்கள் சிசுரு யோஷிடா, அயானே யானோ, பையன் ரியூ சனாடா மூவரும் வந்து அவளைச் சுற்றி உட்காருகிறார்களே, அங்கேதான் ஷீனா யார் என்று தெரிகிறது. கதாநாயகன் ஒருவன் வந்து காப்பாற்றினால் அது காதல் கதை. நான்கு பேர் சுற்றி உட்கார்ந்தால் அந்தப் பெண்ணுக்கு ஓர் இடம் கிடைத்துவிட்டது என்று பொருள்.

அடுத்து வதந்தி. யானோவைப் பற்றியும் யோஷிடாவைப் பற்றியும் பள்ளியில் அசிங்கமான பேச்சு பரவுகிறது. பரப்பியது சவாகோ என்றும் சேர்த்துப் பரவுகிறது. தன்னோடு பழகுவதால்தான் இவர்கள் பெயர் கெடுகிறது என்று காதில் விழ, சவாகோ அவர்களை விட்டு விலகத் தொடங்குகிறாள். அவர்களோ, தங்களை இவளுக்குப் பிடிக்கவில்லை போல என்று குழம்புகிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. மூன்று பேருமே மற்றவர் நல்லதை நினைத்துத்தான் நடந்துகொள்கிறார்கள், அப்படியும் பிரிந்து போகிறார்கள். இதே வடிவம்தான் பின்னால் கஸெஹாயாவோடு இன்னும் பெரிதாக வரப்போகிறது. முதலில் நட்பில் ஒத்திகை பார்த்துவிட்டார் ஷீனா.

அது உடைவது பள்ளியின் பெண்கள் கழிப்பறையில். சகுரா கிடையாது, அந்தி வெளிச்சம் கிடையாது. கை கழுவும் தொட்டிப் பக்கம் நின்று சில பெண்கள் யானோவையும் யோஷிடாவையும் கேவலமாகப் பேசுகிறார்கள். சவாகோ அங்கே இருக்கிறாள். தன்னைப் பற்றி எத்தனை வருடம் என்னென்ன பேசினார்களோ, ஒருநாளும் எதிர்த்து ஒரு சொல் சொல்லாதவள் இப்போது நகராமல் நிற்கிறாள். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறாள். தள்ளினாலும் அசையவில்லை. குரல் நடுங்குகிறது, கண்ணில் நீர் முட்டுகிறது, பார்க்கப் பேய் மாதிரியே இருக்கிறாள், ஆனால் விடவில்லை. பிறகு யானோவும் யோஷிடாவும் வந்து சேர்கிறார்கள். அதன் பின் வரும் சில பக்கங்களில் மூன்று பேரும் அழுகிற அழுகை இருக்கிறதே, அதை நான் விவரிக்கப் போவதில்லை, இரண்டாம் தொகுதியில் நீங்களே பாருங்கள். இந்தத் தொடரில் முதன்முதலாக ஒருவர் மற்றவரிடம் மனதைத் திறந்து “எனக்கு உங்களைப் பிடிக்கும்” என்று சொல்லி, அது போய்ச் சேர்வது இங்கேதான். கஸெஹாயா அப்போது கதையில் ஓரத்தில் நிற்கிறான். இதைப் படித்தும் உங்கள் மனம் அசையவில்லை என்றால் மீதி 28 தொகுதியை வாங்கவே வேண்டாம்.

வரைகலையைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அனிமே போதாதா என்று கேட்டீர்கள். சவாகோவுக்கு ஷீனா இரண்டு முகம் வைத்திருக்கிறார். பாதி நேரம் அவள் பொட்டுக் கண்ணும் உருண்டைத் தலையுமாக, குழந்தை கிறுக்கியது போன்ற பொம்மை உருவம். அவள் தன்னைத்தானே பார்க்கும் விதம் கிட்டத்தட்ட அதுதான், யாருக்கும் இடைஞ்சல் தராத ஒரு சின்ன உருவம். பிறகு கஸெஹாயா பார்க்கும்போது திடீரென்று முழு உருவம், முழுக் கண், முடியின் ஒவ்வொரு இழையும். எச்சரிக்கை இல்லாமல் ஒரே பக்கத்தில் இந்த மாற்றம் நடக்கும். “ஓ, அவன் கண்ணுக்கு இவள் இப்படித் தெரிகிறாள்” என்று யாரும் விளக்காமலே நமக்குப் புரிந்துவிடும்.

இன்னொன்று, மனதுக்குள் ஓடும் சொற்கள். பேச்சு பலூனுக்குள் இருக்கும். மனப்பேச்சு பலூன் இல்லாமல் வெறும் வெள்ளையில் மிதக்கும். சிறுமியர் மங்காவின் பழைய உத்திதான், ஆனால் இந்தக் கதையில் அதற்கு வேலை அதிகம். சவாகோ நினைப்பது பக்கம் முழுக்கப் பரவிக் கிடக்கும், வாயில் வருவது “ந... நன்றி” என்று ஒரு சொல். உள்ளே இருப்பதற்கும் வெளியே வருவதற்கும் உள்ள தூரத்தைக் காகிதத்தில் கண்ணால் அளக்கலாம். அனிமேயில் மமிகோ நோட்டோவின் குரல் அதைச் செய்கிறது, அதுவும் அபாரம். ஆனாலும் காகிதத்தில் நீங்கள் உங்கள் வேகத்தில் நிறுத்திப் பார்க்கலாம். வலமிருந்து இடமாகப் படிப்பது முதல் அரை மணி நேரம் குழப்பும், அப்புறம் பழகிவிடும்.

குருமி வந்த பிறகு கதை இன்னொரு படி ஏறுகிறது. ஊமே குருமிஸாவா, பொம்மை மாதிரி அழகு, எல்லோரிடமும் தேன் ஒழுகப் பேசுகிறவள். தன் பெயரான ஊமே பழங்காலத்துப் பெயர் போலிருக்கிறது என்று அவளுக்குப் பிடிக்காது, அதனால் எல்லோருக்கும் குருமி. நடுநிலைப் பள்ளியிலிருந்தே கஸெஹாயா மேல் ஆசை. வதந்திகளுக்குப் பின்னால் இருந்தவள் இவள்தான். வழக்கமான மங்காவாக இருந்தால் குட்டு உடைந்ததும் அவமானப்பட்டு ஓடியிருப்பாள். இங்கே சவாகோ அவளைப் போட்டியாளராக நடத்துகிறாள். குருமி எதிரே நின்று, தனக்கும் கஸெஹாயாவைப் பிடிக்கும் என்று ஒளிக்காமல் சொல்கிறாள். பட்டப்பெயர் வைத்து ஒதுக்கப்பட்ட பெண் தன்னைச் சமமான எதிரியாக மதிப்பது குருமிக்கு முதலில் கோபத்தைத் தருகிறது, பிறகு வேறு ஏதோ ஒன்றைத் தருகிறது. இருவரும் கடைசிவரை தோழிகள் என்று சொல்லிக்கொள்ளத் தயங்குவார்கள். ஆனால் தொடர் முழுக்க எனக்கு மிகப் பிடித்த உறவு இது, கஸெஹாயா ரசிகைகள் மன்னிக்க வேண்டும்.

சரி, அந்த நீண்ட தயக்கம். அதற்கு ஜப்பானியப் பள்ளி வழக்கம் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். அங்கே காதல் ‘கொகுஹாகு’வில்தான் தொடங்குகிறது. ஒருவர் எதிரே நின்று “உன்னைப் பிடிக்கும், என்னோடு பழகுவாயா” என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பார்வை, சேர்ந்து நடப்பது, குறுஞ்செய்தி எல்லாம் கணக்கில் வராது. சொல்லும் வரை எதுவும் தொடங்கவில்லை. கூடவே பெயர் விஷயம். இவர்கள் இருவரும் தொகுதி தொகுதியாக ஒருவரையொருவர் குடும்பப் பெயரால், குரோனுமா, கஸெஹாயா-குன் (‘குன்’ பையன்கள் பெயரோடு ஒட்டுவது) என்றுதான் கூப்பிடுகிறார்கள். முதல் பெயருக்கு மாறுவது அங்கே ஒரு நிகழ்ச்சி. வாயைத் திறந்து சொல்வதுதான் காதலின் வாசல் என்று ஓர் ஊர் வைத்திருக்கும்போது, வாய் திறக்க வராத பெண்ணைக் கதாநாயகியாக்கினால் என்ன ஆகும்? ஷீனா அந்தப் பொறியைத் தெரிந்தே வைத்திருக்கிறார்.

காதலர் தினத்தில் அது நன்றாகச் சிக்குகிறது. பிப்ரவரி 14ல் அங்கே பெண்கள் சாக்லேட் கொடுப்பார்கள். நன்றிக்கும் மரியாதைக்கும் கொடுப்பது ஒரு வகை, மனதில் உள்ளவனுக்குக் கொடுப்பது இன்னொரு வகை. சவாகோ எல்லோருக்கும் செய்கிறாள், கஸெஹாயாவுக்கும் செய்கிறாள். மற்றவர்களுக்குக் கொடுத்தும் விடுகிறாள். அவனுக்கானதை மட்டும் கொடுக்க முடியவில்லை, ஏனென்றால் அது மட்டும் நன்றிச் சாக்லேட் இல்லை. அவன் பக்கத்திலிருந்து பாருங்கள். ரியூவுக்குக் கிடைத்திருக்கிறது, தனக்குக் கிடைக்கவில்லை. யாரை அதிகம் நேசித்தாளோ அவனுக்கு மட்டும் வெறும் கை. அவன் எடுக்கும் முடிவு தவறு, ஆனால் நீங்களும் நானும் அவன் இடத்தில் இருந்தால் அதே முடிவைத்தான் எடுப்போம்.

இரண்டாமாண்டு இந்த விரிசலோடு தொடங்குகிறது. கென்டோ மியுரா என்ற புதுப் பையன் பக்கத்து இருக்கைக்கு வருகிறான். நல்லவன், கலகலப்பானவன், மூக்கை நுழைக்காமல் இருக்கத் தெரியாதவன். அவன் சொல்லும் ஒரு யோசனை ஒன்பது குழப்பத்தைக் கொண்டுவருகிறது. நிலைமை எவ்வளவு மோசமாகிறதென்றால், கஸெஹாயா பிடிக்கும் என்று சொல்லியும்கூட அது சவாகோவிடம் போய்ச் சேரவில்லை. அவன் சொல்வது வேறு விதமான பிடித்தம், தன்னுடையது வேறு என்று அவள் நினைக்க, தன்னை மறுத்துவிட்டாள் என்று அவன் எடுத்துக்கொள்கிறான். படிக்கிறவருக்குப் புத்தகத்துக்குள் கையை விட்டு இரண்டு தலையையும் பிடித்து மோதவிடலாம் போலிருக்கும்.

அங்கே வந்து சவாகோவை உலுக்குவது யார்? குருமி. நீ இன்னும் அவனிடம் ஒன்றுமே சொல்லவில்லையே, சொல்லிவிட்டுத் தோற்ற எனக்கு முன்னால் வந்து நின்று அழ உனக்கு என்ன உரிமை என்கிற தொனியில் வெடிக்கிறாள். சவாகோ தன் அடக்கத்தை இதுவரை நல்ல குணம் என்று நினைத்திருந்தாள். அதற்குள் கோழைத்தனமும் கொஞ்சம் கலந்திருக்கிறது, தான் காயப்படாமல் இருக்க மற்றவரைக் காக்க வைக்கும் சுயநலமும் இருக்கிறது என்று அவளுக்கு உறைக்கிற இடம் இது. அதைத் தோழிகள் சொல்ல முடியாது, அன்பு தடுக்கும். போட்டியாளரால்தான் சொல்ல முடிந்தது. பிறகு பள்ளி விழாவில் அவள் அவனிடம் சொல்கிறாள், சிக்கல் அவிழ்கிறது. இது நடப்பது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கதை ஓடிய பிறகு. ஆக, சேர்வதற்கு 30 தொகுதி ஆகவில்லை. சேர்ந்த பிறகும் ஏறக்குறைய 20 தொகுதி இருக்கிறது.

அந்த 20ல்தான் நான் முன்பு சொன்ன கால்வாசி இழுவை இருக்கிறது. சேர்ந்த உடனே வரும் தொகுதிகளில், கை பிடிக்கலாமா, வேண்டாமா என்று கஸெஹாயா ஒதுங்க, ஏன் ஒதுங்குகிறான் என்று சவாகோ கலங்க, அதே வட்டம் இன்னொரு தடவை சுற்றுகிறது. முதல் சுற்றில் அதற்கு நியாயம் இருந்தது, இரண்டாம் சுற்றில் வேகம் குறைந்துவிடுகிறது. ஒகினாவாவுக்குப் பள்ளிச் சுற்றுலா போகும் வரை பொறுமை வேண்டும். ஒரு நன்மை, கஸெஹாயா இங்கேதான் மனிதனாகிறான். ஆரம்பத்தில் குறையே இல்லாத பையன். பொறாமைப்படுவான், அடக்கிக்கொள்வான், வாய்விட்டுக் கேட்க மாட்டான், அப்பாவோடு பேசவே மாட்டான் என்பதெல்லாம் பின்னால்தான் தெரிகிறது. அப்பா கண்டிப்பானவர். பேஸ்பால் நன்றாக ஆடிய பையன் அதை விட்டதற்குக் காரணமே அந்த அப்பாவோடு உள்ள சிக்கல்தான். சொல்ல முடியாதது சவாகோவின் நோய் மட்டும் என்று நினைத்திருந்தால், அவனுக்கும் அது இருக்கிறது, எல்லோரோடும் நன்றாகப் பேசுவதால் வெளியே தெரியவில்லை, அவ்வளவுதான்.

இந்தக் கட்டத்தில் துணைக் கதைகள் முதன்மைக் கதையை விட வலுவாகிவிடுகின்றன. சிசுருவுக்கு (யோஷிடாதான்) சின்ன வயதிலிருந்து ரியூவின் அண்ணன் டோரு மேல் ஆசை. அந்த வீட்டு ராமென் (நூடுல்ஸ் சூப்) கடையே அவளுக்கு இன்னொரு வீடு மாதிரி. டோரு கல்யாணம் நிச்சயமான பெண்ணோடு ஊருக்கு வருகிறான். அவள் உடைவதைப் பக்கத்திலிருந்து பார்ப்பது, வாயே திறக்காத ரியூ. அவனுக்கு அவள் மேல் எவ்வளவு காலமாக மனம் என்பது அவளைத் தவிர எல்லோருக்கும் தெரியும். முரட்டுப் பெண் என்று பெயர் எடுத்த சிசுரு அழும் இடங்களை ஷீனா மிகக் கவனமாக வரைந்திருக்கிறார்.

அயானே யானோவின் கதை இன்னும் கடினமானது. எல்லோருக்கும் காதல் ஆலோசனை சொல்லும் கெட்டிக்காரி, தன்னால் யாரையும் உண்மையாக நேசிக்க முடியவில்லையே என்று உள்ளே பயந்து கிடப்பவள். கென்டோவோடு பழகுகிறாள். அவன் நல்ல பையன், அவள் மேல் உண்மையான அன்பு வைத்தவன், ஆனாலும் அது நிற்கவில்லை. யார் மேலும் தப்பில்லாத ஒரு பிரிவைப் பள்ளி மங்காவில் இவ்வளவு நேர்மையாக நான் அதிகம் பார்த்ததில்லை. பிறகு அவள் மனம் போவது ‘பின்’ என்று எல்லோரும் கூப்பிடும் ஆசிரியர் மேல். அவர் உண்மைப் பெயர் கஸுஇச்சி அராய், சத்தமும் அலட்டலுமாக இருப்பவர். ஆசிரியர் மேல் மாணவிக்கு ஆசை என்றதும் எனக்கும் வயிற்றைக் கலக்கியது. பல மங்காக்களில் இந்த இடத்தில்தான் கதை கெட்டுப் போகும். இங்கே அவர் ஆசிரியராகவே நிற்கிறார். அவள் ஆசை அவளை எங்கே தள்ளுகிறது என்பதுதான் கதை. தன்னால் முடியாது என்று நினைத்த படிப்பை நோக்கித் தள்ளுகிறது.

கடைசிப் பகுதி முழுக்க மூன்றாமாண்டு, அதாவது நுழைவுத் தேர்வும் ஊரை விட்டுப் போவதும். ஹொக்கைடோ என்ற பின்னணி இங்கே உதவிக்கு வருகிறது. ஊர் சிறிது, பல்கலைக்கழகம் தூரம், குளிர்காலம் நீளம். அங்கே பள்ளி முடித்த பிள்ளை ஊரிலேயே இருப்பதா, பெருநகரமான சப்போரோ போவதா, கடல் தாண்டி டோக்கியோ போவதா என்பது உறவுகளையும் சேர்த்துப் பிரித்துப்போடும் முடிவு. சவாகோவுக்கு ஆசிரியையாக வேண்டும் என்ற ஆசை முளைக்கிறது. பக்கத்திலேயே படித்தால் கஸெஹாயாவோடு இருக்கலாம், தூரமாகப் போனால் விரும்பிய படிப்பு. யார் பேச்சையும் கெடுக்காமல் வளைந்து கொடுத்தே வாழ்ந்த பெண் முதன்முறையாகத் தனக்கென்று ஒன்றை விரும்ப வேண்டியிருக்கிறது. அந்தத் தேர்வுக்கு அவளோடு சேர்ந்து உட்கார்ந்து படிப்பவள் யார் என்று நினைக்கிறீர்கள்? குருமியேதான்.

காதல் நிறைவேறியதும் கதை முடிந்தது என்று பலர் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். இந்தக் கடைசிப் பகுதியை இழந்துவிட்டு, தொடர் இழுவை என்று சொல்வது பாவம்.

அனிமே பற்றி. புரொடக்‌ஷன் ஐ.ஜி. நிறுவனம் செய்தது. முதல் பருவம் 2009 அக்டோபரில் தொடங்கி 2010 மார்ச்சில் முடிந்தது, இரண்டாம் பருவம் 2011ல், மூன்றாவது 13 வருடம் கழித்து 2024ல் நெட்ஃபிளிக்ஸில். முதல் பருவம் மங்காவுக்கு உண்மையாக, நீர்வண்ணம் கரைந்த மாதிரி இளம் நிறங்களில், அவசரமே இல்லாமல் ஓடும். இரண்டாவது பள்ளி விழாவோடு முடியும். மூன்றாவதில் அத்தியாயங்கள் குறைவு, ஒவ்வொன்றும் நீளம், கதையை நிறையச் சுருக்கியிருக்கிறார்கள். பார்க்கலாம், ஆனால் மூன்றாமாண்டின் அந்தக் கடைசிப் பகுதி அனிமேயில் இல்லை. அதற்கு மங்காதான். 2010ல் வந்த திரைப்படத்தில் மிகாகோ டாபேயும் ஹருமா மியுராவும் நடித்தார்கள். சவாகோவின் அந்த விறைத்த சிரிப்பை டாபே கேலியாக்காமல் செய்திருக்கிறார், அதற்காக ஒருமுறை பார்க்கலாம். 2023ல் நெட்ஃபிளிக்ஸில் சாரா மினாமி, ஓஜி சுசுகா நடித்து ஒரு தொடரும் வந்தது. எதையும் படிக்காமல் நேராக அதில் தொடங்க வேண்டாம்.

என் யோசனை இப்படி. அனிமே முதல் பருவத்தை முதலில் பாருங்கள், புத்தகம் வாங்கும் முன் ஒரு சோதனை. பிடித்தால் மங்காவை முதல் தொகுதியிலிருந்தே எடுங்கள், பார்த்த பகுதியையும் தாண்டாமல் படியுங்கள், பொம்மை முகம் முழு முகமாகும் பக்கங்கள் அங்கேதான் நிறைய. ஆங்கிலத்தில் விஸ் நிறுவனம் 30 தொகுதியையும் கொண்டுவந்திருக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் வாங்கிப் போடாதீர்கள். இரண்டு வாங்குங்கள், கழிப்பறைக் காட்சி தாண்டட்டும், அப்புறம் முடிவு செய்யலாம். பள்ளி விழா முடிந்து கதை நொண்டுகிற இடத்தில் அலுப்பு வந்தால் ஒரு மாதம் விட்டுவிட்டுத் திரும்ப எடுங்கள், ஜப்பானில் அப்படித்தானே படித்தார்கள்.

குருமியை முன்னிலைக்குக் கொண்டுவந்து 2018 முதல் 2022 வரை ஷீனா எழுதிய துணைத் தொடர் மூன்று தொகுதி இருக்கிறது. அவள் பல்கலைக்கழகத்துக்குப் போன பிறகு நடப்பது, அவளுக்கு ஜோடியாக வரும் எய்ஜி அகாஹோஷி ஷீனாவின் வேறொரு பழைய தொடரிலிருந்து வந்த ஆள். சிலர் குருமி ஆசையில் அதை முதலில் படித்துவிடுகிறார்கள். 30 தொகுதியிலும் அவள் எத்தனை இடத்தில் வாயைக் கடித்துக்கொண்டு நின்றாள் என்று தெரியாமல் படித்தால், அந்த மூன்று தொகுதியும் சாதாரணக் கல்லூரிக் காதலாகத்தான் தெரியும். கடைசியில் வையுங்கள்.